அருள்நாயகம் செய்த நாவல் அட்டை

அருள்நாயகம் அண்ணையை எனக்கு முன்பு தெரியாது. ஆனால் அவர் செய்த புத்தகங்கள் எங்கள் வீட்டில் பதினாலு இருந்தன. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் வரும்போது எங்கள் சனங்கள் ஒரு நினைவு மலர் அடித்துக் கொடுப்பார்கள். முன் அட்டையில் நீள்வட்டத்துக்குள் இறந்தவரின் படம், அதன் கீழே பிறந்த திகதியும் இறந்த திகதியும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கோ மெழுகுதிரியோ. உள்ளே வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் எழுதிய கவிதை, பேரப்பிள்ளைகளின் பெயர்கள், தேவாரம் அல்லது செபங்கள். சில வீட்டுக்காரர் சமையல் குறிப்பும் கை வைத்தியமும் சேர்ப்பார்கள். மண்டபத்தில் சாப்பாடு முடிந்து வெளிக்கிடும்போது வாசலில் நின்று ஆளுக்கு ஒன்று தருவார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் எறியவும் மனம் வராது, அதில் ஒரு முகம் இருக்கிறது. அலுமாரியின் அடித்தட்டில் போய்ச் சேரும். அதைத் திறந்து வாசித்த ஒருவரை நான் கண்டதில்லை. நானும் வாசித்ததில்லை.

ஊர்விட்டு வந்து நாங்கள் குடியேறிய இந்தப் பனி நகரத்தில், அஜின்கோர்ட் பகுதியின் ஷெப்பேட் வீதியில் இருக்கும் ஒரு அச்சகத்தின் பின்னறையில் அருள்நாயகம் அண்ணை இருபத்தாறு வருடமாக இந்த மலர்களைச் செய்கிறார். இடைக்கிடை கலியாண அட்டை, பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியவீட்டு அட்டை, கடைகளின் விலைப் பட்டியல் எல்லாம் வரும். ஆனால் அவருடைய வேலை செத்தவீடுதான். வயது அறுபத்திரண்டு. மெலிந்த ஆள். கோடையிலும் ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார், பின்னறையில் ஏசி நேராக அவர் கழுத்தில் அடிக்கும்.

என் கணவர் டெனிஸ்டன் சென்ற வருடம் ஜனவரியில் இறந்தார். எற்றோபிக்கோ பக்கம் ஒரு பாண் பேக்கரியில் இரவு வேலை. காலையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தார், எழும்பவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவர் ஒரு நாவலை எழுதி முடித்திருந்தார். ஆறு வருடம், பேக்கரியின் இடைவேளைகளில், ஃபோனில் பெருவிரலால் தட்டித் தட்டி எழுதியது. எல்லாம் சரி, அட்டையில் என்ன போடுவது என்று மட்டும் விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நாவலின் பெயர் ‘மூன்றாம் வேளைக்காரர்’. இனி வரப்போகிற காலத்தில் ஒரு நகரம். சனம் கூடி இடம் போதாமல் போக, அரசாங்கம் மனிதர்களை மூன்று வேளைகளாகப் பிரித்துவிடுகிறது. காலைக்காரர், மாலைக்காரர், இரவுக்காரர். ஒவ்வொருவருக்கும் நாளில் எட்டு மணித்தியாலம்தான் உயிர். மற்ற நேரம் அவர்கள் இல்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் வசிப்பார்கள், ஒருவரையொருவர் ஒருநாளும் காண மாட்டார்கள். தான் இருந்த தடயம் எதையும் அடுத்தவருக்கு விட்டுப் போவது குற்றம். அப்படி ஒரு வீட்டில் ஓர் இரவுக்காரனுக்கும் ஒரு காலைக்காரிக்கும் இடையில் நடப்பதுதான் கதை.

நான் பகலில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை செய்கிறேன். டெனிஸ்டன் இரவு வேலை முடிந்து காலை ஏழரைக்கு வீட்டுக்கு வருவார், நான் ஏழேகாலுக்குப் போய்விடுவேன். கதை எங்கிருந்து வந்தது என்று எங்களைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

முதலாம் ஆண்டுத் திருப்பலி வர மூன்று மாதம் இருக்கும்போது டெனிஸ்டனின் அண்ணன், எட்வேட் அத்தான், வீட்டுக்கு வந்தார்.

“தம்பி எழுதின அந்தக் கதையை அடிச்சு, ஆண்டுச் சாப்பாடு அண்டைக்குக் குடுப்பம், செலீன். இருநூறு புத்தகம். முப்பத்தொண்டுக்கு நாங்கள் நினைவு மலர் அடிக்கேல்லைத்தானே, அதுக்குப் பதிலா இதுவே இருக்கட்டும். நான் பொறுப்பு.”

எனக்கு அவர்மேல் நன்றியாக இருந்தது. பயமாகவும் இருந்தது. நினைவு மலருக்குப் பதிலாகக் கொடுத்தால் அது நினைவு மலராகவே போய்விடும். இருநூறு அலுமாரிகளின் அடித்தட்டு. ஆறு வருடம் ஒரு மனிதன் பேக்கரியின் பின்படியில் இருந்து எழுதியதை ஒருவரும் திறக்கமாட்டார்கள். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. யாராவது ஒருவர் அதை ஒரு கதையாக வாசிக்க வேண்டும்.

ஒக்ரோபரில் ஃபைலை அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் நாளே அருள்நாயகம் அண்ணை கூப்பிட்டு அட்டை முடிந்தது என்றார். போய்ப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் டெனிஸ்டன் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தான் கொடுத்த எங்கள் கலியாணப் படத்திலிருந்து வெட்டியது, தோளில் என் விரல்கள் கொஞ்சம் தெரிந்தன. இரண்டு பக்கமும் மெழுகுதிரி. கீழே பிறந்த திகதி, இறந்த திகதி. அதற்கும் கீழே சிறிய எழுத்தில் நாவலின் பெயர்.

“அண்ணை, இது நாவல்.”

“ஓம் தங்கச்சி. நாவல் எண்டு அடியில போட்டிருக்கிறன், பாருங்கோ.”

“இறந்த திகதி ஏன் போட்டனீங்கள்?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“கை போட்டிட்டுது,” என்றார்.

“நீங்கள் கதையை வாசிச்சுப் பாத்தனீங்களோ?”

“நான் ஒண்டும் வாசிக்கிறேல்லை. தொடங்கின புதுசில வாசிச்சனான். ஒரு பிள்ளை தாய்க்கு எழுதினதை வாசிச்சு இதில இருந்து அழுது, கீபோட்டெல்லாம் ஈரம். முதலாளி ஏசினார். அதோட விட்டிட்டன். இப்ப எழுத்து வரிசையா நிக்குதோ எண்டு மட்டும்தான் பாக்கிறது.”

“இதில ஒருத்தரும் சாகிறேல்லை, அண்ணை.”

அவர் முதல்முறையாகச் சிரித்தார். “அப்ப வாசிக்கலாம்,” என்றார்.

மூன்று கிழமை எடுத்தார். நடுவில் நான் வேலையில் இருக்கும்போது கிளினிக்குக்கே ஃபோன் எடுப்பார். ஒரு பக்கம் ஒரு பிள்ளை பல்லுப் பிடுங்கக் கத்திக்கொண்டிருக்கும், மறுபக்கம் இவர்.

“தங்கச்சி, ஒரு கேள்வி. இரவுக்காரன் தன்ர வேளை முடிஞ்சாப் பிறகு எங்க போறான்? நித்திரையோ, இல்லாட்டி ஆளே இல்லாமல் போறானோ?”

“எனக்கும் தெரியாது அண்ணை.”

“நீங்கள் அவரைக் கேக்கேல்லையோ?”

“இல்லை.”

“சரி, நான் யோசிச்சுக் கொள்ளுறன்” என்று வைத்துவிடுவார்.

இன்னொரு நாள், “மணிக்கூடு போடுவமோ எண்டு பாத்தனான். போட்டால் பள்ளிக்கூடத்து கணக்குப் புத்தகம் மாதிரி இருக்குது. சந்திரன் போட்டால் காலண்டர். மூண்டு கதவு கீறிப் பாத்தன், அது றியல் எஸ்ரேட் விளம்பரம்,” என்றார். “இருபத்தாறு வருசம் முகத்தை வைச்சே பிழைச்சிட்டன் தங்கச்சி. முகம் இல்லாமல் எனக்கு ஒண்டும் வருகுதில்லை.”

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் தன்னுடைய இடத்துக்கு வரச்சொன்னார். கமெராவும் லைற்றும் வீட்டில்தான் இருக்கின்றன, அச்சகத்தில் முதலாளி விடமாட்டார் என்றார். அச்சகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு குடும்பத்தின் வீட்டுக்குக் கீழே, வாடகைக்கு விட்ட பேஸ்மன்ற். பக்கவாசலால் இறங்க வேண்டும். ஒரு அறை, ஒரு சமையல் மூலை, தரைமட்டத்தில் ஒரு நீளமான யன்னல். யன்னலில் பக்கத்து வீட்டுக் காரின் ரயர் தெரிந்தது. எல்லாம் துப்புரவாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டைத்தான் எங்கள் சனம் கோப்பை என்கிறது. மேசையில் ஒரு கோப்பையில் சாப்பாடு போட்டு இன்னொரு கோப்பையால் மூடி வைத்திருந்தது.

“ஆரும் வருகினமோ அண்ணை? நான் பிறகு வாறன்.”

“ஒருத்தரும் இல்லை. அது எனக்கு.”

நான் பார்த்துக்கொண்டு நிற்க, அவரே சொன்னார். காலையில் வேலைக்கு வெளிக்கிட முன் சமைத்து, போட்டு, மூடிவைத்துவிட்டுப் போவாராம். சனிக்கிழமையும் அப்படித்தான். பின்னேரம் வந்து திறந்து சாப்பிடுவார்.

“ஃபிரிட்ஜில வைச்சால் சட்டியோடதான் எடுக்கவேணும். மூடி வைச்சால் ஆரோ போட்டு வைச்ச மாதிரி,” என்றார். சொன்னபிறகு கூச்சமாக இருந்திருக்க வேண்டும், எழும்பிப் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

தேத்தண்ணியோடு அவர் கதை வந்தது. எண்பத்தெட்டில் வந்து இறங்கி பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மன்றில் ஒன்பது பேராக இருந்தவர்கள். மற்ற எட்டுப் பேருக்கும் உடனே வேலை கிடைத்தது, ஒருவன் ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவ, ஒருவன் பார்க்கிங் லொட்டில், ஒருவன் தொழிற்சாலையில். இவருக்கு வேலை செய்ய அனுமதிக்கிற பேப்பர் பிந்தியது. அதனால் பதினொரு மாதம் வீட்டில் நின்று எல்லாருக்கும் சமைத்தார். ஒவ்வொருவன் ஒவ்வொரு நேரத்துக்கு வருவான். இவர் எட்டுக் கோப்பையில் போட்டு எட்டுக் கோப்பையால் மூடி, தரையில் சுவரோடு வரிசையாக வைப்பார். மேசை இல்லை.

“எந்தக் கோப்பை ஆற்றை எண்டு எப்பிடித் தெரியும்?”

“உறைப்புக் கூடினதுக்குப் பக்கத்தில மிளகாய். மீன் தின்னாதவனுக்கு மேல் கோப்பை நீலம். அவங்களுக்குத் தெரியும். விடிய எழும்பிப் பாத்தால் எட்டும் கழுவிக் கவிட்டு இருக்கும். சில பேரை நான் கிழமைக்கணக்கில கண்டதே இல்லை. கோப்பை கழுவி இருந்தால் ஆள் வந்திட்டுப் போட்டான்.”

அந்த எட்டுப் பேரும் கலியாணம் கட்டி மார்க்கம், ஏஜக்ஸ், பிராம்ப்டன் என்று போய்விட்டார்கள். தாய் தகப்பன் இறக்கும்போது மலர் அடிக்க அவரிடம் வருகிறார்கள். அவர் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

கறுப்பு. நடுவே ஒரு வட்டம். அந்த வட்டத்தின் ஒரு விளிம்பில் மட்டும் வெளிச்சம் பிறைபோலப் பட்டிருந்தது. வட்டத்துக்குள் இன்னொரு மெல்லிய வளையம். வேறு எங்கோ வெகு தூரத்தில் இருக்கும் ஒரு கிரகம், இன்னும் ஒருவரும் போய் இறங்காதது. நான் அப்படித்தான் பார்த்தேன். பிறகு அந்த வளையம் என்ன என்று விளங்கியது. கவிழ்த்த கோப்பையின் அடிப்புறம். கீழ்க் கோப்பையின் வெளியே தெரிந்த விளிம்பில் மிகச் சின்னதாக ஒரு பச்சை இலைக்கொடி ஓடியது. இங்கே எங்கள் சனத்தின் வீடுகளில் எல்லாம் இருக்கும் அதே வெள்ளைக் கோப்பை. என் வீட்டில் ஆறு இருக்கிறது.

“இது கதையில எங்க வருகுது?” என்று கேட்டேன்.

“இருநூற்றிப் பன்ரண்டாம் பக்கம். ஒரே ஒரு வரிதான்.”

கடதாசியை எடுத்துக் காட்டினார். இரவுக்காரன் தன் வேளை முடியும்போது சோற்றுக் கோப்பையின்மேல் இன்னொரு கோப்பையைக் கவிழ்த்து வைக்கிறான். சட்டத்தில் அதைப்பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று டெனிஸ்டன் எழுதியிருந்தார். நான் அந்த நாவலை இரண்டுதரம் வாசித்தவள். அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அவர் இரவு வேலை செய்த பதினொரு வருடமும் அவருக்காகக் காலையில் மூடி வைத்துவிட்டுப் போனது நான். கதையில் அந்த வேலையை அவர் தன் ஆளுக்குக் கொடுத்திருந்தார்.

“ஒன்பது பின்னேரம் எடுத்தது,” என்றார் அருள்நாயகம் அண்ணை. “லைற்றை மேல வைச்சால் கோப்பை. பக்கத்தில வைச்சால் கிரகம். ரெண்டுக்கும் இடையில ஒரு இடம் இருக்குது, அதைத்தான் தேடினனான். சோறு உண்மையாவே உள்ளுக்கு இருந்தது. இல்லாட்டி மேல் கோப்பை ஒரு பக்கம் சரியுது.”

தலைப்பை அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

“கொம்பியூட்டரில நாற்பது ஃபொன்ற் இருக்குது. ஒவ்வொண்டிலயும் எத்தினை பேற்றை சாவை அறிவிச்சிட்டன். நான் பாத்தால் எனக்கு ஆற்றையோ பேர்தான் தெரியும். அதுதான் பேனையால எழுதிப்போட்டு ஸ்கான் பண்ணினனான்.”

அன்றிரவே மகள் ஜெசிகாவுக்குப் படத்தை அனுப்பினேன். வோட்டர்லூவில் படிக்கிறாள். உடனே ஃபோன் எடுத்தாள்.

“அம்மா, திஸ் இஸ் ஸோ கூல். எந்த பிளானட் இது?”

“வடிவாப் பார்.”

“ஐ ஆம் லுக்கிங். ரிங் இருக்கு, ஸோ... ஓ. ஓ மை கோட். அம்மா, இது எங்கட பிளேட்.” இருவரும் ஃபோனை வைக்காமல் இருந்தோம்.

டிசம்பர் முதல் கிழமை எட்வேட் அத்தான் அச்சுக்குக் கையெழுத்து வைக்க வந்தார். முன்னறையில் முதலாளி, நான், அருள்நாயகம் அண்ணை. மேசையில் அட்டையின் ப்ரூஃப்.

“உது என்ன, சந்திரகிரகணமோ?”

“கோப்பை, அத்தான். மூடி வைச்ச சாப்பாட்டுக் கோப்பை. கதையில வருகுது.”

“தம்பியின்ர ஆண்டுக்கு சாப்பாட்டுக் கோப்பையோ?” அத்தான் முதலாளியைப் பார்த்தார். “நாளைக்குச் சனம் என்ன சொல்லும்? எட்வேட் கேற்றரிங் தொடங்கிட்டான் எண்டுதான் சொல்லும். என்ர தம்பியின்ர முகம் எங்க?”

“அண்ணை சொல்லுறது சரிதானே,” என்றார் முதலாளி. “அருள், அந்த முதல் செய்ததை எடும். மெழுகுதிரி வைச்சது. அது நல்ல வடிவு.”

“முகத்தைப் போட்டால் ஒருத்தரும் திறக்கமாட்டினம் அத்தான்,” என்றேன்.

“ஏன் திறக்கோணும்? வைச்சிருக்கோணும். செலீன், நீர் சின்னப்பிள்ளை மாதிரிக் கதைக்கிறீர். சனம் வைச்சிருந்தாக் காணும். அவனை மறக்கக்கூடாது, அதுதான் எனக்கு.”

அவருடைய கண் கலங்கியிருந்தது. ஒரே தம்பி. சவப்பெட்டியைத் தூக்கும்போதும் அழாமல் நின்ற மனிதன். என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. “சரி அத்தான், படத்தையே போடுவம்” என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி பேனையை நீட்டினார். அப்போது அருள்நாயகம் அண்ணை பின்னறைக்குப் போய் ஒரு நினைவு மலரை எடுத்துக்கொண்டு வந்து அத்தானின் முன்னால் வைத்தார். அத்தானின் தாயார், என் மாமி. நாலு வருடத்துக்கு முன் அடித்தது.

“ஒன்பதாம் பக்கத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, அண்ணை.”

“ஏன்?”

“பாருங்கோவன்.”

அத்தான் எடுத்தார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும் பக்கம். சாம்பவி, பிரவீனன் என்று தொடங்கி ஏழு பெயர். ஏழும் வேறு யாருடையவோ பேரப்பிள்ளைகள்.

“றொய்சன் எங்க? என்ர மகன்ர பேர் எங்க? ஆர் உந்தப் பிரவீனன்?”

“அந்தக் கிழமை இன்னொரு அம்மாவின்ர மலரும் செய்தனான். அவவின்ர பக்கத்தில பேரை மட்டும் மாத்தி உங்கட பேரப்பிள்ளையளைப் போட இருந்தனான். மாத்த மறந்து போனன். ஐந்நூறும் அடிபட்டுக் குடுத்தாப் பிறகுதான் கண்டனான்.” அவருடைய கைகள் சட்டையின் நுனியைப் பிடித்திருந்தன. “அண்டையில இருந்து ஃபோன் அடிக்கிற நேரமெல்லாம் நீங்கள்தான் எண்டு நினைக்கிறனான். நாலு வருசம். ஒருத்தரும் எடுக்கேல்லை. ஐந்நூறு பேர் கொண்டு போனவை, அண்ணை. உங்கட வீட்டிலயும் இருக்குது.”

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. “அருள், நீர் இதை எனக்குச் சொல்லேல்லையே,” என்றார். பிறகு அத்தானிடம், “ப்ரூஃப் பாத்துக் கையெழுத்து வைச்சது நீங்கள்தானே,” என்று மெதுவாகச் சொன்னார்.

அத்தான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னுக்குப் புரட்டினார். தாயாரின் வாழ்க்கை வரலாற்றை, நின்றபடியே, வாசிக்கத் தொடங்கினார். நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம். கடைசிப் பக்கம் வரை போய், மலரை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

“முகம் பின்னுக்கெண்டாலும் போடும்,” என்றார்.

“போடுறன் அண்ணை. திகதி இல்லாமல்.”

கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். யன்னலால் பார்த்தபோது, காரை ஸ்ராட் பண்ணிவிட்டுப் போகாமல் உள்ளேயே இருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை முதலாளி அருள்நாயகம் அண்ணையோடு வேலைக்கு மேலே ஒரு சொல் கதைக்கவில்லையாம். அதை அவர் எனக்குச் சொன்னது குறையாக அல்ல. “முந்தியும் கனக்கக் கதைக்கிறேல்லை,” என்றார்.

ஆண்டுத் திருப்பலிக்கும் சாப்பாட்டுக்கும் அவரைக் கூப்பிட்டேன். வரவில்லை.

“நான் உதுகளுக்குப் போறேல்லை தங்கச்சி. மலர் செய்யிறவன் மண்டபத்துக்குள்ள வந்து நிண்டால் சனத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். அடுத்தது ஆர் எண்டு பாக்கிற மாதிரி.”

ஜனவரியில், கோவில் மண்டபத்தில், நானும் ஜெசிகாவும் வாசலில் நின்று புத்தகத்தைக் கொடுத்தோம். எட்வேட் அத்தான் கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சனம் வாங்கிப் பார்த்தது. முகத்தைத் தேடிப் பின்னுக்குத் திருப்பியது. மறுபடி முன்னுக்குத் திருப்பியது.

மக்டலீன் அன்ரி வந்தார். யூனியன்விலில் மகன் வீட்டில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. நாங்கள் முந்திப் பார்க்டேலில் இருந்தபோது எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தவர். புத்தகத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல வேலை செய்தாய் பிள்ளை. செபப்புத்தகம் எங்களிட்டக் கனக்கக் கிடக்குது. சமையல் புத்தகம் எண்டால் உதவும்.”

பின்னால் நின்ற இன்னொருவர், “அன்ரி, உது சமையல் குறிப்போ? எனக்கும் ஒண்டு தாங்கோ, மருமகளுக்கு,” என்றார். ஜெசிகா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்கிடையில் அது வரிசையெல்லாம் பரவிவிட்டது. டெனிஸ்டன் பேக்கரியில் வேலை செய்தவர்தானே, அவருடைய பாண் வகைகள் என்று ஒருவர் விளக்கமும் சொன்னார். சிலர் இரண்டு கேட்டு வாங்கினார்கள். எட்வேட் அத்தான் மண்டபத்தின் மறுகோடிக்குப் போய் அங்கே நின்றார். அது சமையல் புத்தகம் இல்லை என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பெப்ரவரி நடுவில், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மக்டலீன் அன்ரி ஃபோன் எடுத்தார்.

“பிள்ளை, உன்ர மனுசனோட எனக்குப் பெரிய கோவம்.”

“ஏன் அன்ரி?”

“கத்தரிக்காய்க்குழம்பு ஏதும் இருக்குதோ எண்டு திறந்தால் அரசாங்கம், சட்டம், எட்டு மணித்தியாலம் எண்டு என்னவோ போகுது. சரி, அடுத்த பக்கம் வரும் எண்டு பாத்தால் அடுத்த பக்கமும் அதுதான். பிறகு எனக்கு விடேலாமல் போச்சு. மகன் சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட இருந்து வாசிச்சனான். இப்ப கடைசியில என்ன செய்து வைச்சிருக்கிறான்? வீட்டில ஒரு இருமல் கேக்குது. அதோட முடிச்சிட்டான். ஆர் இருமினது? காலைக்காரியோ, பிடிக்க வந்தவனோ? உப்பிடியோ ஒரு கதையை முடிக்கிறது? கேட்டுச் சொல்லு பார்...”

அதில் நின்றுவிட்டார். டெனிஸ்டனைக் கேட்டுச் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் வேண்டாம் என்றேன். ஒரு வருடத்தில் டெனிஸ்டனோடு கோபித்த முதல் ஆள் அன்ரிதான், மற்ற எல்லாரும் அவரை நல்ல மனிதன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொல்ல அருள்நாயகம் அண்ணைக்கு எடுத்தேன். முழுவதும் கேட்டார். கடைசியில், “அவவின்ர நம்பரைத் தாறியளோ? பிடிக்க வந்தவன்தான் இருமினது. எனக்கு அதில ஒரு சந்தேகமும் இல்லை. அவவுக்குச் சொல்லவேணும்,” என்றார். கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஒருவரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. திங்கட்கிழமை, நான் வேலையால் வந்து கோட்டுக் கழற்ற முன் அன்ரி எடுத்தார்.

“அந்த அருள்நாயகம் சரியான பிடிவாதக்காரன், பிள்ளை. நேற்று ரெண்டு மணித்தியாலம். பிடிக்க வந்தவன் எண்டால் கதவு தட்டியிருப்பானே, ஏன் இருமப் போறான் எண்டு கேட்டன். பிறகு சொல்லுறார், ரெண்டு பேரும் இல்லையாம், நடுவில இருக்கிற மாலைக்காரனாம். எனக்கு அது ஒரு மாதிரிப் பிடிச்சிருக்குது. அந்தப் பாவப்பட்டவனை முழுக்கதையிலயும் ஒருத்தரும் கவனிக்கேல்லை, என்ன?”

டெனிஸ்டன் கதையை எழுதி முடித்த அந்த இலையுதிர்காலத்தில் எனக்கு இரண்டு மாதம் மாறாத இருமல் இருந்தது. நான் லீவு போட்டுப் படுத்திருந்த காலைகளில், டெனிஸ்டன் வேலையால் வந்து, என்னை எழுப்பாமல், அறைக்கு வெளியே சப்பாத்தோடு நின்று என் இருமலைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். ஒருமுறை அவரே சொன்னார்.

“கேக்குதோ பிள்ளை?” என்றார் அன்ரி ஃபோனில். “மாலைக்காரன் எண்டால் எல்லாம் சரியா வருகுது. நூற்றித் தொண்ணூறாம் பக்கத்தில ஒரு மருந்துப் போத்தல் வருகுதெல்லே, அது அவன்ரயாம்.”

“அப்பிடியோ, அன்ரி?” என்றேன்.

“ஓம். நீ கவனிச்சிருக்கமாட்டாய். இரு, எடுத்து வாசிக்கிறன்.”

கண்ணாடியைத் தேடும் சத்தம் கேட்டது. நான் கோட்டோடு கதிரையில் இருந்தேன்.